புரொஃபைல் உருவாக்கமும் நீக்கமும்: வெப்ஸ்பியர் வழங்கியை முன்வைத்து ஒரு விமர்சனம்

ஜாவா மொழியில் எழுதப்பட்ட நிறுவனச் செயலிகளை இயக்கும் செயலி வழங்கிகளுள் ஐபிஎம் நிறுவனத்தின் வெப்ஸ்பியர் அப்ளிகேஷன் சர்வர் பழமையான ஒன்று. 1998இல் அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. வங்கி, காப்பீடு, அரசுத் துறை போன்ற பெரிய அமைப்புகளில் இன்றும் அது இயங்கிக்கொண்டிருக்கிறது. இவ்வழங்கியை முதன்முறை கையாளும் மாணவர் எதிர்கொள்ளும் முதற்கருத்து "புரொஃபைல்" என்பதாகும். மென்பொருளை நிறுவி முடித்தாலும் வழங்கி ஓடாது. நிறுவியதற்குப் பிறகு ஒரு புரொஃபைலையாவது உருவாக்கியாக வேண்டும். அதன் பின்னரே தொடங்குவதற்கு ஒரு வழங்கி கிடைக்கும்.

புரொஃபைல் என்பதைச் சில கையேடுகள் "சுயவிவரம்" என்று தமிழாக்குகின்றன. இங்கு அச்சொல் பொருந்தவில்லை. வேலைக்கு விண்ணப்பிப்பவர் தம்மைப் பற்றி எழுதுவது சுயவிவரம். வெப்ஸ்பியரில் புரொஃபைல் என்பது ஓர் இயக்கச்சூழலை முழுமையாக வரையறுக்கும் கோப்புகளின் தொகுதி: அமைவுக் கோப்புகள், நிறுவப்பட்ட செயலிகள், சான்றிதழ்கள், போர்ட் எண்கள், இயக்கப் பதிவுகள், தற்காலிகக் கோப்புகள் எல்லாம் ஒரே கோப்புறையின் கீழ் இருக்கும். மென்பொருளின் மூல நிரல்கள் ஓரிடத்திலும் அவற்றைக் கொண்டு இயங்கும் ஒவ்வொரு சூழலும் தனித்தனி இடத்திலும் இருப்பதே இதன் அடிப்படை. ஆகவே இக்கட்டுரையில் புரொஃபைல் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

உருவாக்கும் வேலைக்கும் நீக்கும் வேலைக்கும் வெப்ஸ்பியர் ஒரே கருவியைத் தந்திருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு சிந்தனை செலவிடப்படவில்லை. உருவாக்கம் பல பதிப்புகளில் செப்பனிடப்பட்டு வந்திருக்கிறது. நீக்கமோ உருவாக்கத்தைத் தலைகீழாக ஓட்டினால் போதும் என்ற எண்ணத்தில் நின்றுவிட்டது. அந்த எண்ணம் எங்கே தவறுகிறது என்பதை ஆராய்வதே இவ்விமர்சனத்தின் நோக்கம்.

பிரித்து வைத்ததன் பயன்

5ஆம் பதிப்பில் ஒரே நிறுவலிலிருந்து பல அமைவுகளை உண்டாக்க டபிள்யூஎஸ்இன்ஸ்டன்ஸ் என்ற கட்டளை இருந்தது. புரொஃபைல் என்ற கருத்து 2004 இறுதியில் வந்த 6.0 பதிப்பில் உருப்பெற்றது. அப்போது கட்டளையின் பெயர் வாஸ்புரொஃபைல். 2006இல் வந்த 6.1 பதிப்பில் அது மேனேஜ்புரொஃபைல்ஸ் எனப் பெயர் மாறி இன்றுவரை அப்பெயரிலேயே நீடிக்கிறது.

இந்தப் பிரிவினை நல்ல முடிவு என்பதில் ஐயமில்லை. ஒரே கணினியில் உருவாக்குநர்களுக்கு ஒரு புரொஃபைல், சோதனைக் குழுவுக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று என வைத்துக்கொண்டு மூல நிரல்களை ஒரு முறை மட்டும் நிறுவினால் போதும். திருத்தப் பொதி வரும்போது ஒரே இடத்தில் இட்டால் எல்லாப் புரொஃபைல்களும் அதைப் பெறும். டாம்கேட் வழங்கியில் நிரல்கள் இருக்கும் கேட்டலினா ஹோம், இயக்கச்சூழல் இருக்கும் கேட்டலினா பேஸ் என்று இரு மாறிகள் உண்டு. பழைய ஜேபாஸ் வழங்கியில் சர்வர் கோப்புறைக்குள் இருக்கும் இயல்பு அமைவைப் படியெடுத்து வேறு பெயர் சூட்டினால் அது இன்னொரு சூழல். வெப்ஸ்பியர் செய்ததும் இதே வேலைதான். ஆனால் அதைச் சுற்றி வார்ப்புருக்கள், பதிவேடு, வரைகலைக் கருவி, பதிவுக் கோப்புகள் என ஒரு பெரிய ஏற்பாட்டைக் கட்டியது.

ஒரு குறையும் உண்டு. எல்லாப் புரொஃபைல்களும் ஒரே நிரல்களைப் பகிர்வதால் திருத்தப் பொதி இடும் நேரத்தில் அந்நிறுவலைச் சார்ந்த எல்லா வழங்கிகளையும் நிறுத்த வேண்டும். சோதனைக்கு மட்டும் புதிய திருத்தம், உற்பத்திக்குப் பழையது என்று ஒரே நிறுவலில் வைத்துக்கொள்ள வழியில்லை. ஆகவே புரொஃபைல் தரும் தனிமை அமைவின் அளவில் உள்ள தனிமை. நிரலின் அளவில் இல்லை. பாடநூல்களில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்வோர் குறைவு.

உருவாக்கம்

உருவாக்கும் கட்டளைக்கு ஒரு வார்ப்புரு தேவை. தனித்து இயங்கும் வழங்கிக்கு இயல்பு வார்ப்புரு; பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டிப்ளாய்மென்ட் மேனேஜருக்கு வேறொன்று; அதன் கீழ் பின்னர் இணையப்போகும் வெற்று நோடுக்கு இன்னொன்று. பயனர் பெயர் தராவிட்டால் ஆப்சர்வ்01, டிமேனேஜர்01 என்ற பாணியில் கருவியே பெயர் சூட்டிக்கொள்ளும். நோடு, செல் ஆகியவற்றின் பெயர்களைக் கணினியின் பெயரிலிருந்து அமைத்துக்கொள்ளும். போர்ட்டுகளையும் அதுவே ஒதுக்கும்: நிர்வாகத் திரைக்கு 9060, அதன் பாதுகாப்பான வடிவுக்கு 9043, செயலிகளுக்கு 9080, பாதுகாப்பான இணைப்புக்கு 9443, நிர்வாகக் கட்டளைகள் வந்துசேரும் சோப் இணைப்புக்கு 8880. அதே நிறுவலில் இரண்டாவது புரொஃபைல் உருவாகும்போது முதலாவதற்கு ஒதுக்கியவற்றை விட்டு அடுத்த எண்களைத் தேர்கிறது. தொடக்க எண்ணை நாமே தரலாம். முழுப் பட்டியலையும் ஒரு கோப்பில் எழுதித் தரவும் இடமுண்டு.

இவ்வசதி பாராட்டத்தக்கது. ஒரு வழங்கிக்கு ஒரு டஜனுக்கும் மேற்பட்ட போர்ட்டுகள் தேவைப்படும் நிலையில் ஒவ்வொன்றையும் கையால் தேர்வது மனிதருக்கு ஏற்ற வேலையன்று. ஆனால் கருவியின் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. வேறொரு மென்பொருள் அப்போது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் அது பயன்படுத்தும் போர்ட் வெறுமையாகத்தான் தெரியும். மோதல் சில நாள் கழித்து இரண்டும் ஒருசேர ஓடும்போது வெளிப்படும். அதற்குள் புரொஃபைலை உருவாக்கியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அனுபவமுள்ள நிர்வாகிகள் இயல்பு எண்களை நம்பாமல் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் ஓர் எண் வரிசையை ஒதுக்கி எழுதி வைப்பது இதனால்தான்.

உருவாக்கம் முடிந்ததும் புரொஃபைலின் பதிவுக் கோப்புறையில் அதைப் பற்றிய சிறு குறிப்பேடு ஒன்றும், பண்புகள் கோப்புறையில் போர்ட் பட்டியல் ஒன்றும் எழுதப்படுகின்றன. புதியவர்கள் இவற்றைத் திறந்து பார்த்து வழங்கியின் போர்ட் இதுதான் என்று முடிவு செய்கிறார்கள். இவை பிறப்புச் சான்றிதழ் போன்றவை. பிறந்த நாளின் நிலையைச் சொல்லும். பிறகு நிர்வாகத் திரையில் போர்ட்டை மாற்றினால் இக்கோப்புகள் மாறுவதில்லை. உண்மையான எண்கள் அமைவு மரத்துக்குள் நோடின் கீழ் இருக்கும் சர்வர்இண்டெக்ஸ் கோப்பில் உள்ளன. பார்ப்பவர் நம்பும்படியான பெயரில் ஒரு கோப்பை வைத்துவிட்டு அதைப் புதுப்பிக்காமல் விடுவது வடிவமைப்புக் குறையே.

சான்றிதழ் விஷயத்தில் கதை வேறு. 6.1 பதிப்பில் புரொஃபைல் உருவாகும்போது தன்னொப்பச் சான்றிதழ் ஒன்று ஓராண்டுக் காலக்கெடுவுடன் பிறந்தது. கெடு நெருங்கும்போது வழங்கி அதைத் தானே புதுப்பித்துக்கொண்டாலும் அதன் முன்னால் இருக்கும் வலை வழங்கியின் இணைப்புச் செருகி பழைய சான்றிதழையே நம்பிக்கொண்டிருக்கும். விளைவு, எந்த மாற்றமும் செய்யாத ஒரு நாளில் இணைப்பு அறுந்துபோகும். 2008இல் வந்த 7.0 பதிப்பில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் 15 ஆண்டுக் கெடுவுள்ள மூலச் சான்றிதழ் ஒன்றையும் அது கையொப்பமிட்ட ஓராண்டுச் சான்றிதழ் ஒன்றையும் உருவாக்கும் முறை வந்தது. செருகி மூலத்தை நம்பினால் போதும். காலக்கெடுக்களை உருவாக்கும் கட்டளையிலேயே மாற்றவும் இடம் கிடைத்தது. பயனர்கள் பட்ட பாட்டிலிருந்து வடிவமைப்பாளர்கள் கற்றுக்கொண்டதற்கு இது நல்ல சான்று. ஆனால் சான்றிதழ்க் களஞ்சியத்துக்கான இயல்புக் கடவுச்சொல் மட்டும் உலகெங்கும் உள்ள எல்லா நிறுவல்களிலும் ஒன்றே. கையேட்டில் அச்சான சொல் அது. உருவாக்கும்போது வேறொன்றைத் தர வழி இருந்தும் தருவோர் சிலரே.

கடவுச்சொல் பற்றி இன்னொன்று. நிர்வாகியின் பெயரையும் கடவுச்சொல்லையும் கட்டளை வரியிலேயே எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. அப்படி எழுதியது ஷெல்லின் கட்டளை வரலாற்றில் தங்கும். கட்டளை ஓடும் நேரத்தில் அதே கணினியின் பிற பயனர்கள் செயல்முறைப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். பதிற்கோப்பு ஒன்றில் எழுதி, அக்கோப்பைக் கட்டளைக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுவது மேலான வழி. பயிற்சி வகுப்புகள் குறுக்கு வழியைக் காட்டுவதால் அதுவே பணியிடத்துக்கும் வந்துசேர்கிறது.

இயல்புப் புரொஃபைல் என்னும் பொறி

முதலில் உருவாக்கப்படும் புரொஃபைல் அந்நிறுவலின் இயல்புப் புரொஃபைல் ஆகிறது. மூல நிறுவலின் பின் கோப்புறையிலிருந்து ஒரு கட்டளையைப் புரொஃபைல் பெயர் சொல்லாமல் ஓட்டினால் அது இயல்புப் புரொஃபைலின் மீது செயல்படும். ஒவ்வொரு புரொஃபைலுக்குள்ளும் தனி பின் கோப்புறை உண்டு. அங்கிருந்து ஓட்டினால் அந்தப் புரொஃபைலின் மீது செயல்படும். கட்டளைகளின் பெயர்கள் இரண்டிடத்திலும் ஒன்றே. காப்புப் பிரதி எடுக்க எண்ணியவர் மூல நிறுவலில் நின்று அமைவுக் காப்புக் கட்டளையை ஓட்டுகிறார். வெற்றி என்று செய்தி வருகிறது. ஆனால் காப்பானது வேறொரு புரொஃபைல். அடுத்ததாக, தாம் காப்பு எடுத்துவிட்டதாக நம்பும் புரொஃபைலை நீக்குகிறார். இங்கு எந்தக் கட்டளையும் தவறாக நடக்கவில்லை. பெயர் சொல்லாத கட்டளைக்கு ஏதோ ஒரு பொருள் கற்பிக்கும் வசதியே இழப்புக்கு வழி வகுத்தது.

நீக்கம்

வரைகலைக் கருவியில் புரொஃபைலை உருவாக்கலாம், விரிவாக்கலாம். நீக்குவதற்கு மேனேஜ்புரொஃபைல்ஸ் கட்டளைக்கே வர வேண்டும். பெயரைச் சொல்லி நீக்கலாம். எல்லாவற்றையும் ஒரே அடியில் நீக்கவும் ஒரு தெரிவு உண்டு. "உறுதிதானா?" என்று கட்டளை நின்று கேட்பதில்லை. தானியங்கு நிரல்களுக்காக அவ்வாறு வைத்திருக்கலாம். ஆனால் உருவாக்கத்துக்குப் பல பக்கங்கள் கொண்ட வழிகாட்டித் திரையும் முடிவில் ஒரு சுருக்கப் பக்கமும் வைத்தவர்கள், நீக்கத்துக்கு ஒரே வரியை வைத்தது விந்தை.

கட்டளை செய்வது என்ன? நிறுவலின் பண்புகள் கோப்புறையில் புரொஃபைல் பதிவேடு என்ற எக்ஸ்எம்எல் கோப்பு உள்ளது. எந்தெந்தப் புரொஃபைல்கள் உள்ளன, எந்த வழியில் உள்ளன, இயல்பானது எது என்பதை அது வைத்திருக்கிறது. நீக்கும் கட்டளை, வார்ப்புருவில் உள்ள நீக்கச் செயல்களை ஓட்டி, கோப்புறையைத் துடைத்து, பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கிறது. முடிவில் மூன்று விடைகளில் ஒன்று வரும்: வெற்றி, தோல்வி, பகுதி வெற்றி. மூன்றாவதன் பொருள், புரொஃபைல் இப்போது இல்லை, ஆனால் பிழைகள் நேர்ந்தன என்பதாகும். எவை மிச்சமாயின என்பதை அந்த விடை சொல்லாது. நிறுவலின் பதிவுகளில் மேனேஜ்புரொஃபைல்ஸ் கோப்புறைக்குள் புரொஃபைல் பெயரோடு இருக்கும் நீக்கப் பதிவைத் திறந்து தேட வேண்டும்.

மிச்சம் விழுவது அரிதன்று. வழங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது நீக்கினால் விண்டோஸில் திறந்திருக்கும் கோப்புகள் அழியாமல் நிற்கும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் நிலைமை இன்னும் வேடிக்கை. கோப்புகள் கண்ணுக்கு மறைந்துவிடும், செயல்முறை மட்டும் நினைவகத்தில் ஓடிக்கொண்டே போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கும். அதை நிறுத்த வேண்டிய கட்டளை கோப்புறையோடு போய்விட்டிருக்கும். மிச்சமான கோப்புறை அதே இடத்தில் மீண்டும் உருவாக்க முயலும்போது தடையாகும், ஏனெனில் புதிய புரொஃபைலின் இடம் வெறுமையாக இருக்க வேண்டும்.

இதனால் அலுத்த நிர்வாகிகள் பலர் கோப்புறையையே நேரடியாக அழித்துவிடுகிறார்கள். கட்டளை தோல்வியுற்றால் இயங்குதளத்தின் வழியே அழிக்கலாம் என்று ஐபிஎம் ஆவணமும் இடம் தருகிறது. ஆனால் அப்போது பதிவேட்டில் பெயர் நிற்கும். அதே பெயரில் புதிதாக உருவாக்க முனைந்தால் அப்பெயர் ஏற்கெனவே உள்ளது என்ற மறுப்பு வரும். இருப்பதாகச் சொல்லும் இடத்தில் ஒன்றும் இருக்காது. இதற்கு மருந்தாகப் பதிவேட்டைச் சரிபார்த்துப் புதுப்பிக்கும் தெரிவு ஒன்று உள்ளது. அது பதிவேட்டுக்குப் பிரதி எடுத்துவிட்டு, இல்லாத புரொஃபைல்களின் பெயர்களை நீக்குகிறது. விண்டோஸ் சேவையாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் அது தனியே நிற்கும். அதற்கு வேறு கட்டளை. இடையில் அறுந்த கட்டளை விட்டுச்சென்ற பூட்டுக் கோப்பு இருந்தால் அடுத்த கட்டளைகளும் நகராது.

ஒரே உண்மையை இரண்டு இடங்களில் எழுதிவைத்தால் இரண்டும் பிணங்கும் நாள் வரும். கோப்புறை இருக்கிறதா என்பதே புரொஃபைல் இருக்கிறதா என்பதற்கு விடையாக இருந்திருந்தால் சரிபார்ப்புக் கட்டளைக்கே தேவை எழுந்திராது.

கூட்டமைப்பிலுள்ள நோடு

தனித்த வழங்கியின் புரொஃபைல் தன் கோப்புறைக்குள் முடிந்துவிடும். டிப்ளாய்மென்ட் மேனேஜரோடு இணைக்கப்பட்ட நோடு அப்படியன்று. அதன் அமைவின் மூலப் பிரதி மேலாளரிடம் இருக்கிறது. நோடில் இருப்பது அதிலிருந்து ஒத்திசைந்த நகல். அத்தகைய புரொஃபைலை முதலில் கூட்டமைப்பிலிருந்து விலக்கி, பிறகே நீக்க வேண்டும். விலக்காமல் நீக்கினால் மேலாளரின் திரையில் அந்த நோடும் அதன் வழங்கிகளும் தொடர்ந்து காட்சி தரும். கிளஸ்டரில் உறுப்பினராகவும் எண்ணப்படும். வலை வழங்கிக்கான செருகி அமைவை மீண்டும் உருவாக்கினால் இல்லாத அந்த வழங்கிக்கும் கோரிக்கைகளைப் பங்கிடும் வரி அதில் எழுதப்படும். செருகி ஒவ்வொரு முறையும் முயன்று, தோற்று, அடுத்ததற்குப் போகும். பயனருக்கு அது தாமதமாகத் தெரியும். பிறகு மேலாளரில் நோடு துப்புரவுக் கட்டளையை ஓட்டி அப்பெயரை எடுக்க வேண்டியிருக்கும்.

இதைக் கருவியால் தடுத்திருக்க முடியாதா என்ற கேள்வி நியாயமானது. புரொஃபைல் கூட்டமைப்பில் உள்ளதா என்பது அதன் அமைவிலேயே எழுதப்பட்டுள்ளது. நீக்கும் கட்டளை அதைப் படித்து மறுத்திருக்கலாம். கிளாஸ்ஃபிஷ் வழங்கியில் டொமைனை நீக்கும் கட்டளைக்கு அந்த டொமைன் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. வெப்ஸ்பியரிலோ நிபந்தனைகள் ஆவணத்தில் உள்ளன. ஆவணத்தைப் படிக்கும் பொறுப்பு நள்ளிரவுப் பணியில் இருப்பவருடையது.

அழியக்கூடாதது எது?

இதுவரை சொன்னவை தொல்லைகள், சரிசெய்துவிடலாம். உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. மாணவர்கள் இப்பகுதியைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும்.

ஒரு செயலி வாடிக்கையாளரின் கணக்கில் பணத்தைக் கழித்துத் தரவுத்தளத்தில் எழுதுகிறது; அதே வேலையின் பகுதியாக வேறொரு அமைப்புக்குச் செல்ல வேண்டிய செய்தியை ஒரு வரிசையில் இடுகிறது. இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக்கூடாது. இதற்கு இருகட்ட ஒப்புதல் முறை பயன்படுகிறது. முதற்கட்டத்தில் தரவுத்தளத்தையும் செய்தி வரிசையையும் "தயாரா?" என்று வழங்கி கேட்கிறது. தயார் என்று விடை சொன்னவர் அதற்குப் பிறகு தன்னிச்சையாகப் பின்வாங்க முடியாது. வழங்கி தன் முடிவைத் தன் பரிவர்த்தனைப் பதிவில் எழுதிவிட்டு, இரண்டாம் கட்டமாக இருவரிடமும் முடிவைச் சொல்கிறது. இவ்விரு கட்டங்களுக்கும் இடையில் வழங்கி விழுந்துவிட்டால் தரவுத்தளம் ஐயநிலையில் நிற்கும். தொடர்புடைய வரிசைகளின் பூட்டை அது விடாது. முடிவு என்ன என்று வழங்கி திரும்பி வந்து சொல்லும்வரை காத்திருக்கும்.

வழங்கி திரும்பி வந்து எதைப் பார்த்து முடிவைச் சொல்லும்? அந்தப் பரிவர்த்தனைப் பதிவைப் பார்த்து. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அப்பதிவு புரொஃபைல் கோப்புறைக்குள்ளேயே டிரான்லாக் என்ற துணைக் கோப்புறையில் இருக்கிறது. இயல்பு அமைவில் கோப்புக் களஞ்சியத்தைப் பயன்படுத்தும் செய்தி இயந்திரத்தின் சேமிப்பும், இன்னும் கொண்டுசேர்க்கப்படாத செய்திகளோடு, அதே புரொஃபைலுக்குள் இருக்கிறது. நீக்கும் கட்டளைக்கு இவையும் வார்ப்புருவிலிருந்து வந்த கோப்புகளும் ஒன்றே. எல்லாம் போகும்.

இந்நிகழ்வு பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் நடக்கிறது. வழங்கி விழுந்து எழ மறுக்கிறது. அமைவு கெட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. புரொஃபைலை நீக்கிவிட்டு நிரல்வழி மீண்டும் உருவாக்குவது கால் மணி நேர வேலை. பெயர், போர்ட், செயலிகள் எல்லாம் அப்படியே திரும்பி வருகின்றன. வழங்கி ஓடுகிறது. ஆனால் புதிய புரொஃபைலுக்குப் பழையதன் வரலாறு தெரியாது. தரவுத்தளத்தில் ஐயநிலையில் நிற்கும் பரிவர்த்தனைகளுக்கு உரியவர் இனி வரமாட்டார். சில கணக்குகள் மட்டும் பூட்டுண்டு கிடக்கும். அவற்றைத் தொடும் ஒவ்வொரு கோரிக்கையும் நேரம் கடந்து தோற்கும். தரவுத்தள நிர்வாகி ஆரக்கிளில் நிலுவையிலுள்ள இருகட்டப் பரிவர்த்தனைகளின் பட்டியலையோ டிபி2வில் ஐயநிலைப் பரிவர்த்தனைகளின் பட்டியலையோ எடுத்து, ஒவ்வொன்றையும் கையால் ஏற்கவோ விலக்கவோ வேண்டும். எதிர்த்தரப்பில் செய்தி போனதா இல்லையா என்பதைச் சொல்லும் பதிவு அழிந்துவிட்டதால் அது ஊகமாகவே அமையும். ஊகம் தவறினால் ஒருவர் பணம் கழிந்தும் சேராமல் நிற்கும், அல்லது கழியாமலேயே சேர்ந்திருக்கும்.

இதற்கு வழி உள்ளது என்பதே வருத்தத்துக்குரியது. வழங்கியைத் தொடங்கும் கட்டளையில் மீட்புத் தெரிவு ஒன்று உண்டு. அதைத் தந்து தொடங்கினால் வழங்கி புதிய வேலை எதையும் ஏற்காமல், பரிவர்த்தனைப் பதிவைப் படித்து, ஐயநிலையில் உள்ளவற்றைத் தீர்த்துவிட்டுத் தானே நின்றுவிடும். நீக்குவதற்கு முன் இதை ஒரு முறை ஓட்டலாம். வழங்கி எந்த வகையிலும் எழாவிட்டால், டிரான்லாக் கோப்புறையையும் செய்திச் சேமிப்பையும் புரொஃபைலுக்கு வெளியே படியெடுத்து வைத்த பின்னரே நீக்கத்தைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் மேனேஜ்புரொஃபைல்ஸ் கட்டளைக்கும் மீட்புத் தெரிவுக்கும் இடையே எந்தத் தொடர்பும் வைக்கப்படவில்லை. தீராத பரிவர்த்தனை உள்ளதா என்று நீக்கும் கட்டளை பார்ப்பதில்லை; எச்சரிப்பதும் இல்லை. பதிவை எழுதுவதும் அழிப்பதும் ஒரே மென்பொருளே என்ற நிலையில் இந்த மௌனத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் காட்டுவது கடினம்.

புரொஃபைலைக் காப்பெடுக்கும் தெரிவும் அதே கட்டளையில் உள்ளது. அது முழுப் புரொஃபைலையும் ஒரே கோப்பாகச் சுருக்கித் தரும். நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். எடுத்த அதே வழிக்குத்தான் மீட்க முடியும். அமைவுக் காப்புக் கட்டளை வேறு. அது அமைவு மரத்தை மட்டும் எடுக்கும், பரிவர்த்தனைப் பதிவை எடுக்காது. இரண்டின் பெயரிலும் "காப்பு" இருப்பதால் ஒன்றை எடுத்தவர் மற்றதையும் எடுத்ததாக நினைத்துக்கொள்ள இடமுண்டு. பழைய காப்பிலிருந்து பரிவர்த்தனைப் பதிவை மீட்பதும் ஆபத்தே. நேற்றைய பதிவு இன்றைய ஐயங்களை அறியாது.

லிபர்ட்டி தந்த விடை

2012இல் 8.5 பதிப்போடு ஐபிஎம் லிபர்ட்டி என்ற இலகுவான வழங்கியை வெளியிட்டது. அதில் உருவாக்கும் கட்டளை ஒரு கோப்புறையையும் சில வரிகள் கொண்ட சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பையும் எழுதிவிட்டு நொடிகளில் முடிந்துவிடும். பதிவேடு கிடையாது. நீக்கும் கட்டளையும் கிடையாது. கோப்புறையை அழித்தால் வழங்கி இல்லை. மேலே சொன்ன பதிவேட்டுத் தொல்லைகள் அனைத்தும் இதனால் ஒழிந்தன. தன் பழைய ஏற்பாடு மிகையானது என்பதை ஐபிஎம் இதைவிடத் தெளிவாக ஒப்புக்கொண்டிருக்க முடியாது. ஆரக்கிளின் வெப்லாஜிக்கில் இன்றும் டொமைனை உருவாக்க வழிகாட்டித் திரை உண்டு. நீக்குவதற்குக் கோப்புறையை அழித்து, டொமைன் பதிவேட்டுக் கோப்பைக் கையால் திருத்த வேண்டும்.

ஆனால் எளிமை முழு விடையாகவில்லை. லிபர்ட்டியிலும் இயல்பாகப் பரிவர்த்தனைப் பதிவு வழங்கியின் கோப்புறைக்குள்தான் எழுதப்படுகிறது. முன்பு ஒரு கட்டளை அழித்ததை இப்போது இயங்குதளத்தின் அழிப்புக் கட்டளை அழிக்கும். அதனிடம் எச்சரிக்கையை எதிர்பார்க்கவே முடியாது.

கொள்கலன்களில் இக்கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. அங்கே புரொஃபைல் படிமம் கட்டப்படும்போதே உருவாகிவிடுகிறது. ஓடும் கொள்கலன் எந்நேரமும் கலைக்கப்பட்டு வேறிடத்தில் எழுப்பப்படும். உருவாக்கமும் நீக்கமும் நாளுக்குப் பல முறை, மனிதர் யாரும் பார்க்காமல், நடக்கின்றன. இருகட்டப் பரிவர்த்தனைகளைப் பயன்படுத்தும் செயலியை அங்கு கொண்டுசெல்லும் குழு, பரிவர்த்தனைப் பதிவைக் கொள்கலனுக்கு வெளியே நிலையான சேமிப்பிலோ, வெப்ஸ்பியர், லிபர்ட்டி இரண்டும் இடம்தரும் வகையில் ஒரு தரவுத்தளத்திலோ வைக்க வேண்டும். மேனேஜ்புரொஃபைல்ஸ் காலத்திலும் அதைச் செய்ய வழி இருந்தது: பதிவின் கோப்புறை வழியை நிர்வாகத் திரையில், பரிவர்த்தனைச் சேவைப் பக்கத்தில் மாற்றலாம். உருவாக்கும் வழிகாட்டித் திரையின் அத்தனை பக்கங்களில் ஒன்றுகூட அந்த வழியைக் கேட்பதில்லை.